ஒற்றை பல்பு

சி புரோகிராமில் ஒரு நெட்டுக்கோடு வரும். கீபோர்டில் என்டருக்கு மேலே இருக்கிற பொத்தானை ஷிஃப்டோடு சேர்த்து அமுக்கினால் விழும். அந்தக் கோடு ஒன்றை ஒரு மனிதர் போடாமல் விட்டார். அதனால் குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட் நின்றுபோயிற்று. அவர் செய்ததற்கு நான் போய் ‘என் தப்புதான்’ என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்த நேரத்தில் நான் அங்கே இல்லை. டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே அனுப்பியிருந்தார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கோடு என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ ஒரு சின்னக் கைப்பிழைக்காக இவள் இந்தக் குதி குதிக்கிறாளே என்று தோன்றும்.

கல்லூரியில் இதை எங்களுக்குச் சொல்லித் தந்த அழகே தனி. ‘பிட்வைஸ் ஆபரேட்டர்’ என்று போர்டில் எழுதி, கீழே பூஜ்யமும் ஒன்றுமாக நாலு வரிசை போட்டு, “இத அப்பிடியே எழுதிப் படி. ரெண்டு மார்க்கு உறுதி” என்றார் எங்கள் சார். நான் எழுந்து இது எதற்கு உதவும் என்று கேட்டேன். “உனக்கு மார்க்கு வேணுமா, விளக்கம் வேணுமா?” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவருக்கே அது தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தெரியாமல் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், கேட்டவளைக் கேலி செய்து உட்கார வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. இன்றைக்கும் அந்த ஆளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கு அது விளங்கியது எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டில்தான். எங்கள் வீடு பூதப்பாண்டிக்குப் பக்கம். ஹாலில் ஒரே பலகையில் வரிசையாக எட்டு ஸ்விட்ச்சுகள். லைட், ஃபேன், டிவி என்று போய் கடைசியில் ஃபிரிட்ஜ். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அம்மா எந்த ஸ்விட்ச் எதற்கு என்றெல்லாம் பார்க்க மாட்டாள். உள்ளங்கையை வைத்து அந்த வரிசையின் மேல் ஒரு இழுப்பு இழுப்பாள். எல்லாம் ஆஃப். அதில் அவளுக்கு ஒரு திருப்தி. ஒரு தடவை திருவட்டாறு பக்கத்துச் சித்தி வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்பி வந்தால் வாசலிலேயே நாற்றம். ஃபிரிட்ஜும் அந்த இழுப்பில் போயிருக்கிறது. உள்ளே வைத்திருந்த சாளை மீனைத் தென்னைமூட்டில் குழி தோண்டிப் புதைத்தோம்.

“எத அணைக்கணுமோ அத மட்டும் அணைச்சாப் போராதாம்மா? மத்தது ஓடுகது உனக்க கண்ணுல படாதா?” என்று நான் கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் எனக்குப் பாடம் புரிந்துவிட்டது. பிட்வைஸ் என்று அந்த சார் எழுதிப்போட்டது முழுவதும் இந்த ஒரு கத்தலுக்குள் இருந்தது.

சிப்புக்குள்ளும் இதே மாதிரி எட்டு ஸ்விட்ச் உள்ள ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிட். ஒன்று என்றால் ஓடுகிறது, பூஜ்யம் என்றால் நிற்கிறது. 00000011 என்றால் வலது ஓரத்து இரண்டும் ஓடுகின்றன. இப்போது மூன்றாவதை ஓட வைக்க வேண்டும். அதற்கான எண் 00000100. இதை வெறும் சமக்குறி போட்டு எழுதினால் அது அம்மாவின் உள்ளங்கை. பழையதெல்லாம் அழிந்துபோய் 00000100 மட்டும் நிற்கும். மூன்றாவது ஓட ஆரம்பிக்கும், முன்பே ஓடிக்கொண்டிருந்த இரண்டும் நின்றுவிடும். சமக்குறிக்கு முன்னால் அந்த நெட்டுக்கோட்டைப் போட்டு |= என்று எழுதினால், பழையதையும் புதியதையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, எதில் ஒன்று இருந்தாலும் அதை ஒன்றாகவே வைக்கும். 00000111 என்று வரும். ஒரே விரலால் ஒரே ஸ்விட்ச்சைத் தட்டுகிற மாதிரி. அணைப்பதற்கும் வழி உண்டு. அணைக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூஜ்யமும் மற்ற இடங்களில் ஒன்றுமாக ஒரு எண்ணைச் செய்து & குறியால் சேர்த்தால், அது ஒன்றுதான் அணையும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அந்த மனிதருக்கு ஒரு செமஸ்டர் போதவில்லை.

இனி கம்பெனிக்கு வருகிறேன். நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு ஹாலும் ஒரு ரூமும். மோட்டார், பம்பு, ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்பெட்டி, ஐஸ் பிளான்ட் இதற்கெல்லாம் தானாக ஓடி நிற்கிற கண்ட்ரோல் போர்டு செய்து கொடுப்போம். போர்டில் இருக்கிற சிப்புக்கான புரோகிராமை நான் எழுதுவேன். முதலாளியை நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். ஆர்டர் பிடிக்கிறது அவர் வேலை. முதலில் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி, அதாவது அவருக்கு மச்சினன், துபாயிலிருந்து திரும்பி வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்துதான் எனக்குச் சனியன் பிடித்தது.

மேனேஜருக்கு எல்லாமே சிம்பிள். “இதுல என்ன இருக்கு, சிம்பிள்தானே” என்பது அவர் வாயில் வராத நாள் கிடையாது. என் புரோகிராமை ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு ஒரு நாள், “இது என்னத்துக்கு நடுவுல ஒரு கோடு?” என்று கேட்டார். நான் பொறுமையாக, அம்மாவின் உள்ளங்கைக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கோட்டை எடுத்துவிட்டு சிப்பில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். பல்பு எரிந்தது. கோட்டைப் போட்டு ஓட்டினார். அப்போதும் பல்பு எரிந்தது. “பாத்தியா பிள்ளே, ரெண்டும் ஒண்ணுதான். நீங்கல்லாம் படிச்சிட்டு வந்து சும்மா பெருசாக்குகிய” என்றார்.

எங்கள் மேசையில் டெஸ்ட் பண்ணுவதற்கு இருந்தது ஒரே ஒரு பல்பு. ஒரு ஹோல்டர், இரண்டு நீள வயர். போர்டில் மோட்டாரைப் போட்டு அணைக்கிற ரிலே நாலு இருந்தால் அந்தப் பல்பை ஒவ்வொரு ரிலேயாக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்போம். முதல் ரிலேயில் கொடு, எரிகிறதா, சரி. அடுத்ததில் கொடு, எரிகிறதா, சரி. கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் முறை. இரண்டாவது ரிலே எரியும்போது முதலாவது இன்னும் எரிகிறதா என்று பார்க்க அங்கே இரண்டாவது பல்பு கிடையாது. இன்னும் பல்பு வாங்கலாம் சார் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். “ஒண்ணு போராதா? ஒண்ணொண்ணாத்தானே பாக்கப் போறோம்” என்று மேனேஜர் முடித்துவிடுவார். சார் அதற்கும் தலையாட்டுவார்.

குளச்சல் ஐஸ் பிளான்டுக்கு நான் செய்த போர்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர், தண்ணீர் பம்பு, உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்கிவிடுகிற மோட்டார், இந்த மூன்றையும் அது பார்த்துக்கொண்டது. பிறகு அந்த பிளான்டின் முதலாளி, மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஒரு மணி அடிக்க வேண்டும், அதையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது மாமா மகள் கல்யாணத்துக்கு லீவில் இருந்தேன். நான் வரும்வரை காத்திருக்கலாம். காத்திருந்தால் மேனேஜர் எதற்கு? சிம்பிள்தானே என்று அவரே உட்கார்ந்து மணிக்கான வரிகளை எழுதினார். கோடு இல்லாமல், வெறும் சமக்குறியோடு. மணியின் ரிலேயில் அந்த ஒற்றைப் பல்பைக் கொடுத்துப் பார்த்தார். எரிந்தது. சிப்பைக் கழற்றிக் குளச்சலுக்கு அனுப்பிவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தவரை மணிக்கு வேலை வரவில்லை. ஒரு நாள் தண்ணீர் குறைந்தது. மணி அடித்தது. மணி அடித்த அதே நொடியில் கம்ப்ரசர், பம்பு, கலக்கி மோட்டார் எல்லாம் நின்றன. அங்கிருந்தவர்கள் கரண்டில் கோளாறு என்று நினைத்து மெயினை அணைத்துத் திரும்பப் போட்டார்கள். மறுபடி எல்லாம் ஓடி, மறுபடி மணி அடித்து, மறுபடி எல்லாம் நின்றது. பம்பு நின்றால் தொட்டியில் தண்ணீர் எப்படி ஏறும்? ஏறாவிட்டால் மணி எப்படி நிற்கும்? ஐஸ் கட்டியாகாமல் அச்சுப்பெட்டிகளில் பாதித் தண்ணீராகவே கிடந்தது. கடலுக்குப் போக ஐஸ் எடுக்க வந்த போட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு வேறு பிளான்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் புரோகிராமைத் திறந்து பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “புரோகிராம் உனக்கதுதானே” என்றார்.

டீயோடு நான் மாடியேறி வந்தபோது சார் மிகவும் அன்பாக இருந்தார். அந்த அன்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது.

“மக்கா, நாளைக்குக் குளச்சலுக்குப் போறோம். நீயும் வா. நீ ஒரு வார்த்த சொல்லிரு, தெரியாம செஞ்சிட்டேன்னு. பொம்பளப் பிள்ள சொன்னா அவரு சத்தம் போட மாட்டாரு.”

“நான் செய்யல்லியே சார்.”

“யாரு செஞ்சா என்ன? வாடிக்கையாளரு போயிரப்பிடாதுல்லா.”

யார் செய்தால் என்ன என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! செய்தது நான் என்றால் அப்படிச் சொல்வார்களா? என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அப்பாவின் பெயரால் எனக்கு இந்த ஊரில் ஒரு கதவும் திறக்காது. இந்தப் பிள்ளை எழுதிக்கொடுத்தால் ஓடும் என்று நாலு பேர் சொல்கிறார்கள், அந்த ஒரு பேச்சுதான் என் சொத்து. அதைக் கொண்டுபோய் மேனேஜர் நாற்காலிக்கு அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். அன்று வீட்டில் அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் காலை சாரின் காரில் போனோம். முன்னால் சாரும் மேனேஜரும், பின்னால் நானும் லேப்டாப்பும். திங்கள்நகர் தாண்டுகிற வரைக்கும் சார் நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்துக்குக்கூட எனக்கு இப்படி யாரும் வசனம் சொல்லித் தந்ததில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளான்ட் முதலாளி உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, தொப்பி. நாங்கள் இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “எனக்க போட்டுக்காரம்மாரு எல்லாம் போயாச்சு. அவனுவள இனி நான் எப்பிடிக் கூப்பிடுவேன்? ஓமக்க போர்ட நம்பினதுக்கு எனக்கு இது வேணும்!” அவருடைய கோபம் எனக்குப் பிடித்திருந்தது. கோபப்பட வேண்டிய விஷயத்துக்குக் கோபப்படுகிற ஒரு மனிதரைக் கடைசியில் பார்த்தேனே என்று இருந்தது.

சார் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். “சின்னப் பிள்ள முதலாளி, தெரியாமச் செஞ்சிட்டு. நீயே சொல்லு மக்கா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் ஃபோனை எடுத்துக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

“சொல்லுகேன்,” என்றேன். “அதுக்கு முன்ன எனக்கு நாலு பல்பு வேணும்.”

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பிளான்டின் எலக்ட்ரீஷியனைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எங்கிருந்தோ நாலு ஹோல்டரும் நாலு பல்பும் கொண்டுவந்தார். மெயினை அணைத்து, மோட்டாருக்குப் போகிற வயர்களைக் கழற்றிவிட்டு, நாலு ரிலேயிலும் நாலு பல்பைக் கொடுத்து, மறுபடி மெயினைப் போட்டேன். “இது கம்ப்ரசர். இது பம்பு. இது கலக்கி மோட்டார்.” மூன்றும் எரிந்தன. “இப்ப தண்ணி குறையுது” என்று சொல்லித் தொட்டி சென்சரின் வயரைக் கழற்றினேன். நாலாவது பல்பு, மணிக்கானது, பளிச்சென்று எரிந்தது. மற்ற மூன்றும் அணைந்தன.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். “இன்னொருக்க காட்டு மோளே.” காட்டினேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து, மணியை அடிக்கிற வரியில் அந்த நெட்டுக்கோட்டைப் போட்டேன். மணியை நிறுத்துகிற வரியிலும் அதே உள்ளங்கை இழுப்புத்தான் இருந்தது, அதையும் திருத்தினேன். சிப்பில் ஏற்றி மறுபடி ஓட்டினேன். தண்ணீர் குறைந்தது, மணி பல்பு எரிந்தது, மற்ற மூன்றும் எரிந்துகொண்டே இருந்தன. நாலு பல்பும் சேர்ந்து எரிவதை அந்த போர்டை விற்றவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

“மொதல்ல இருந்தத எழுதினது நீயா?” என்று முதலாளி கேட்டார்.

“மத்ததெல்லாம் நான் எழுதினது. மணி அடிக்கிற பாகத்த நான் எழுதல்ல.”

“பின்ன யாரு?”

நான் லேப்டாப்பை மூடினேன். அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, ஃபோனில் குனிந்திருந்த தலையில் வந்து நின்றார். “கொள்ளாம், நல்லா இருக்கு” என்றார். அப்புறம் சாரிடம், “இனி இங்க எதுன்னாலும் இந்தப் பிள்ளைய அனுப்பும். வேற யாரும் வரண்டாம்” என்றார்.

திரும்பி வரும்போது கார் திங்கள்நகரைத் தாண்டியது. பிறகு சார்தான் ஆரம்பித்தார். “ஆளுவ முன்னால வச்சு மச்சினன மானங்கெடுத்திட்டியே. ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருக்கும்.”

“எனக்க மானம் என்ன ஆகும் சார்?”

“நீ நாளைக்குக் கல்யாணம் கட்டிப் போற பிள்ள. உனக்கென்ன?”

எனக்கென்ன! இந்தக் கேள்வியை எத்தனை பேர் எத்தனை விதமாக என்னிடம் கேட்டாயிற்று. கல்யாணம் கட்டிப் போகிறவளுக்குப் பெயர் வேண்டாம், திறமை வேண்டாம், செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்தால் போகிற வீட்டுக்கு அதையும் சீராகக் கொண்டுபோய்விடுவாள் என்று நினைப்பு. காரை நிறுத்தி இறங்கி பஸ்ஸில் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் இறங்க வேண்டிய ஆள் நான் இல்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே கோட்டாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் எட்டு ஹோல்டரும் பல்புகளும் வாங்கினேன். ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, மேசையில் கொண்டுவந்து வைத்தேன். என் கைக்காசு, என் பலகை. இனி எந்த போர்டும் எல்லா பல்பும் சேர்ந்து எரிந்து பார்த்த பிறகுதான் வெளியே போகும் என்று சொன்னேன். சார் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரூமுக்குள் போனார். மேனேஜர் அந்தப் பலகையைத் தொட மாட்டார். தன் ஒற்றைப் பல்பை டிராயரிலிருந்து எடுத்து, டெஸ்ட் பண்ணி, திரும்ப டிராயரில் வைத்துப் பூட்டுவார். புதிய ஆர்டர்கள் எதுவும் எனக்கு வரவில்லை. வயர் வெட்டித் தா, பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டு என்றார்கள். நான் ஒட்டினேன். கோணலில்லாமல் ஒட்டினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாரின் ஃபோன் அடித்தது. நான் அதே ஹாலில், ஒரு அலமாரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாரின் குரலில் குழைவு வந்தது. குளச்சல் முதலாளி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது பிளான்ட் கட்டுகிறாராம், அதற்கும் போர்டு வேண்டுமாம். “செஞ்சிரலாம் முதலாளி, செஞ்சிரலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்த சார் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சொன்னார்:

“அந்தப் பிள்ளையா? அது வேலைய விட்டுப் போயாச்சு முதலாளி. இப்ப மச்சினன்தான் எல்லாம் பாக்கான்.”

என் கையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தேன். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“போகல்ல! இங்கதான் இருக்கேன்!”

சார் ஃபோனைப் பொத்தினார். பொத்தி என்ன பயன்? மண்டபத்தின் வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கும். “டவர் இல்ல முதலாளி, அப்புறம் விளிக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்து கிடந்தது. ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கு என் மேல் என்ன கோபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“நாளையிலேருந்து நீ வரண்டாம்.”

“சரி,” என்றேன். அவர் சொன்ன பொய்யை அவரே உண்மையாக்கிக்கொள்கிறார். ஆக்கட்டும். நான் போய்விட்டதால் அவர் அப்படிச் சொல்லவில்லை, அப்படிச் சொன்னதால் நான் போகிறேன். அது பொய் என்று எனக்கும் தெரியும், குளச்சலில் ஃபோனைக் காதில் வைத்திருந்தவருக்கும் தெரியும்.

பையை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசையில் இருந்த பல்புப் பலகையின் வயர்களைக் கழற்றினேன். அப்போதுதான் மேனேஜருக்கு வாய் வந்தது.

“அத வச்சிட்டுப் போ. கம்பெனி சாமான்.”

“இது எனக்க சாமான். கம்பெனி சாமான் உங்க டிராயர்ல இருக்கு. எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. சாவி டிராயரிலேயே தொங்கியது. நானே திறந்து, அந்த ஒற்றைப் பல்பை, இரண்டு நீள வயரோடு, எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். மேசையில் அவர் முடித்து வைத்திருந்த புதிய போர்டு ஒன்று இருந்தது. அதன் முதல் ரிலேயில் பல்பைக் கொடுத்து, ஸ்விட்ச்சைப் போட்டேன்.

எரிந்தது. மேனேஜர் தன்னை அறியாமல், சரி என்று தலையாட்டினார்.